இன்னும் நாலு இடம் பாக்கலாம்

எங்கள் தெருவில் பெண்ணைப் பற்றியோ மாப்பிள்ளையைப் பற்றியோ விசாரிக்க வெளியூரிலிருந்து யாராவது வந்தால் நேராக எங்கள் நைனாவிடம்தான் அனுப்பி வைப்பார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற கூலிக்காரர்தான் அவர். ஆனால் ஒருத்தரைப் பற்றியும் தப்பாக ஒரு வார்த்தை பேசமாட்டார் என்று பேர். தப்பாகவே பேசாத ஆளிடம் போய் விசாரித்து என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். அதற்குத்தான் எங்கள் பக்கத்தில் ஒரு பாஷை இருக்கிறது. பையன் நல்லவன் என்றால், "கண்ண மூடிக்கினு குடுங்க" என்பார். பையன் குடிகாரனாக இருந்தால், "எதுக்கும் இன்னும் நாலு எடம் பாருங்க" என்பார். அதற்கு மேல் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு நல்ல மனுஷனைப் புறம்பேச வைத்த பாவம் வந்து சேரும். வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, ஜாதகத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பள்ளிப்பட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள்.

இந்தப் பாஷை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பொருள் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று பின்னால் நான் சொல்லிக்கொள்ள வழி இல்லை.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸில் டிகிரி முடித்தது இரண்டாயிரத்து இரண்டில். எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி. சேரும்போது கம்ப்யூட்டர் படித்தால் வீடு தேடி வேலை வரும் என்றார்கள். முடிக்கும்போது கம்ப்யூட்டர் படித்தவர்களையே வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்துக்குப் போய் உட்கார்ந்தவள் நான்.

திருத்தணி மலைக்குப் போகிற ரோட்டில், மொட்டை அடிக்கிற இடத்துக்கும் ஒரு பாத்திரக்கடைக்கும் நடுவில் பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்பு போட்ட ஐந்து கம்ப்யூட்டர். அதை நடத்தியவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு சித்தூர்க்காரர்கள் வந்து மெயில் பார்ப்பார்கள். கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்து போயிருக்கும், ஆங்காங்கே சந்தனம் ஒட்டியிருக்கும். மூன்றாவது தடுப்பு என்னுடையது என்று ஆகிவிட்டது.

பேப்பரில் வேலை விளம்பரம் வந்தால் கம்பெனியின் பேரைக் குறித்துக்கொண்டு போய்த் தேடுவேன். அந்தக் காலத்து நெட் வேகத்துக்கு வெப்சைட் பக்கம் மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் முதலாளியின் நெற்றி வரும். கண்ணும் மூக்கும் வருவதற்குள் கரண்ட் போய்விடும். திரும்ப வந்ததும் மறுபடியும் நெற்றியிலிருந்து. லாங் சைஸ் நோட்டு ஒன்றில் கம்பெனிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். எந்த வருஷம் தொடங்கினார்கள், என்ன செய்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், எங்கெங்கே பிளான்ட் இருக்கிறது, எல்லாம் எழுதுவேன். அதோடு விடமாட்டேன். அந்தத் தொழிலைப் பற்றியே தேடுவேன். கண்ணாடி எப்படிச் செய்கிறார்கள், கேபிளுக்குள் என்ன வைக்கிறார்கள், ரப்பர் விலை ஏறினால் யார் தலையில் விழும் என்றெல்லாம் எனக்குத் தெரியும். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இல்லாத வீட்டில் உட்கார்ந்துகொண்டு கார் உதிரி பாகத் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன்.

"நீ எல்லா கம்பெனியையும் படிச்சிக்கினு கீற. எந்த கம்பெனியாவது உன்ன படிக்குதா?" என்று அம்மா கேட்பாள். அம்மா பள்ளிக்கூடமே போகாதவள், நாற்று நடப் போகிறவள். கேள்வி மட்டும் நெத்தியடியாக இருக்கும்.

அம்பத்தூரில் ஒரே ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. கார்களுக்கு ரப்பர் சாமான் செய்கிற இடம். ஆபீஸில் கம்ப்யூட்டரில் பில் போட ஆள் வேண்டும் என்றார்கள். காலை மின்சார ரயிலில் நின்றபடியே நோட்டை உருப்போட்டுக்கொண்டு போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர், "உங்களப் பத்தி சொல்லுங்கம்மா" என்றார். என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? நைனா கரும்பு வெட்டுகிறார், அம்மா நாற்று நடுகிறாள், ஊர் திருத்தணி. ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. மீதி நேரத்துக்கு அவர்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். தொடங்கிய வருஷம், முதலாளியின் அப்பா பேர், எந்தெந்த வண்டிக்கு என்னென்ன சாமான், ஓசூரில் புதிதாக வந்திருக்கிற மூன்றாவது பிளான்ட். மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஓரத்தில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டு, "அந்த ஓசூர் பிளான்ட்ட வித்து ரெண்டு வருஷம் ஆவுதும்மா. வெப்சைட்ட யாரும் மாத்தல" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்தேன். லெட்டர் போடுகிறோம் என்றார்கள், போடவில்லை.

நாலு வருஷம் இப்படிப் போனது. அதற்குள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் பெரிய பெரிய கம்பெனிகள் வந்துவிட்டன. செல்போனுக்குள்ளே வைக்கிற சர்க்யூட் போர்டு செய்கிற ஒரு கம்பெனிக்கு நான் மூன்று தடவை விண்ணப்பம் போட்டேன். பதில் இல்லை. நாலாவது தடவை தேடியபோதுதான் விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தைப் பார்த்தேன். பிளஸ் டூ படித்த பெண்கள் போதும், டிகிரி படித்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். டிகிரியை மறைத்து பிளஸ் டூ மார்க் ஷீட்டை மட்டும் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். வயது இருபத்திரண்டுக்குள் இருக்க வேண்டும் என்று அதற்கு அடுத்த வரியிலேயே போட்டிருந்தது. நான் அதைத் தாண்டிவிட்டிருந்தேன்.

வேலை கிடைக்காத எனக்கு, வேலைகளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று தெருவில் பேர் மட்டும் வந்துவிட்டது. யாருக்காவது கம்பெனி லெட்டர் வந்தால், "அத உங்க பெரிய பொண்ணுகிட்ட ஒருவாட்டி காட்டணும்" என்று நைனாவிடம் கொடுத்தனுப்புவார்கள். நைனாவுக்கு அதில் பெருமை. மாப்பிள்ளை விசாரிக்க அப்பன், கம்பெனி விசாரிக்க மகள் என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

என் தங்கை எனக்கு ஐந்து வயது சின்னவள். பிளஸ் டூவில் ஏதோ பாஸ் பண்ணியிருந்தாள். கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை, பேப்பர் படிக்கிற பழக்கமும் இல்லை. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்து ஏதோ கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெருப்பெண்கள் கும்பலாகப் போனபோது இவளும் போனாள். ஒரு பலகையில் இருந்த ஓட்டைகளில் குச்சிகளை வேகமாகச் சொருகச் சொன்னார்களாம், சொருகினாளாம். சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். பத்து நாளில் தபாலில் லெட்டர் வந்தது. நான் மூன்று தடவை எழுதிப் பதில் வராத அதே கம்பெனி. அடுத்த வாரம் திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று இருந்தது.

அம்மா லெட்டரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முருகர் காலண்டருக்கு முன்னால் வைத்தாள். தங்கை அன்றைக்கே தலைக்குக் குளித்துவிட்டாள், நாளைக்கே கிளம்பப் போகிறவள் போல. நைனா மட்டும் அவசரப்படவில்லை. பெண்ணை ஓர் இடத்துக்கு அனுப்புவதென்றால் விசாரிக்காமல் அனுப்புவாரா? "பெரியவ போய் பாத்துட்டு வந்து சொல்லட்டும். அவ சொன்னா செரி" என்றார்.

மறுநாள் காலையில் மூன்றாவது தடுப்பில் போய் உட்கார்ந்தேன். அந்தக் கம்பெனியின் பக்கம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் பல நாளாகத் திறந்து பார்க்காததால் புதிதாக நிறைய சேர்த்திருந்தார்கள். நீலக் கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்ட பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிற போட்டோ. கேன்டீனில் தட்டோடு நின்று சிரிக்கிற போட்டோ. வேலைக்கு வருகிறவர்களை வேனிலேயே கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடுவார்களாம். வேன் வருகிற ஊர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அரக்கோணம், திருவள்ளூர் என்று போய், கடைசியில் திருத்தணி.

எனக்கு வயிறு எரிந்தது. வேறு கௌரவமான வார்த்தை இருக்கிறதா என்று இத்தனை வருஷமாகத் தேடிவிட்டேன், இல்லை. நாலு வருஷம் அந்தத் தடுப்புக்குள் உட்கார்ந்து எத்தனையோ கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில்கூட எங்கள் ஊர்ப் பேர் இருந்ததில்லை. இதில் இருந்தது, அது எனக்கு இல்லை. ஓட்டையில் குச்சி சொருகினவளுக்கு வேன் வாசலுக்கு வரப் போகிறது.

அதற்கப்புறம் நான் செய்தது விசாரிப்பு இல்லை. கம்பெனியின் பேரோடு ஸ்ட்ரைக் என்று சேர்த்துத் தேடினேன். மோசடி என்று சேர்த்துத் தேடினேன். விபத்து, சம்பள பாக்கி, பெண்களுக்குத் தொல்லை, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை அத்தனையையும் சேர்த்துப் பார்த்தேன். ஏதாவது ஒன்று வந்துவிடாதா என்று முருகனை வேண்டிக்கொண்டு தேடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேண்டிக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை. அண்ணன் வந்து, "இன்னாம்மா, வெளிய ஆளுங்க நின்னுகினு கீறாங்க" என்ற பிறகுதான் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. சாயந்திரம் நைனா கரும்புக் கொல்லையிலிருந்து வந்து தொட்டியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கரும்புத் தோகை கிழித்த கோடுகள் கை முழுக்க இருந்தன. தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, பாத்தியா?"

"பாத்தேன் நைனா."

"எப்டி கீது?"

நல்ல கம்பெனி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். வந்தது வேறு.

"எதுக்கும் இன்னும் நாலு எடம் பாக்கலாம் நைனா."

நைனா சொம்போடு அப்படியே நின்றார். என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் போகிற எறும்பைப் பார்த்தேன். "ஆங்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்க் காலண்டருக்கு முன்னாலிருந்த லெட்டரை எடுத்து, மஞ்சள் கொட்டாமல் மடித்து, பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

தங்கை மட்டும் துணியைக் கீழே போட்டுவிட்டு, "ஏங்க்கா? இன்னா போட்டிருந்துது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் நைனா, "அக்கா பாத்துட்டுதான் சொல்றா இல்ல. கேக்காத" என்று அடக்கினார். என்னைப் புறம்பேச வைக்கக் கூடாது என்று என்னைக் காப்பாற்றினார். இந்தப் பாஷையில் அந்த ஒரு வசதி இருக்கிறது. பொய் சொல்லத் தேவையில்லை, காரணமும் தேவையில்லை. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். மறுபடி பார்த்தேன், நல்ல கம்பெனிதான் என்று சொன்னால் போதும். ஆனால் திருப்பிவிட்ட ஜாதகத்தை யார் மறுபடி எடுக்கிறார்கள்? முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று நைனா கேட்காவிட்டாலும் நினைப்பார். அந்த நினைப்புக்குப் பயந்தேன். வெள்ளி போனது, சனி போனது. ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன் வாங்கி வந்தாள். தங்கை வழக்கம்போல முள் எடுத்துக் கொடுத்தாள். நான் தின்றேன்.

பின்தெருப் பெண் ஒருத்திக்கும் அதே லெட்டர் வந்திருந்தது. அவள் வீட்டில் யாரும் எங்களிடம் விசாரிக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் அவள் டிபன் பாக்ஸோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். நாற்று நடப் போக அம்மாவோடு அந்தப் பக்கமாகப் போன என் தங்கை அவளைப் பார்த்துவிட்டு வந்தாள். "வேன் வெள்ள கலரு" என்று அன்று மாலை அம்மாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு வருஷம் அவள் அம்மாவோடு நடவுக்கும் களை எடுக்கவும் போனாள். கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கப் போனாள். நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அப்புறம் ஆர்.கே.பேட்டையிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். பவர்லூம் ஓட்டுகிற குடும்பம். மூத்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு சின்னவளுக்கா என்று ஊர் பேசியது, பேசி ஓய்ந்தது. மாப்பிள்ளையை விசாரிக்க நைனாவே நேரில் போனார். குடி இல்லை, சூது இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார். தறிக் கொட்டகைக்குள் காலை ஆறு மணியிலிருந்து நிற்க வேண்டும் என்பது யாரும் விசாரிக்கிற விஷயம் இல்லை.

எனக்கும் கடைசியில் ஒரு வேலை கிடைத்தது. வேறெங்கும் இல்லை, அதே பிரவுசிங் சென்டரில். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது நான் பார்த்துக்கொண்டேன், அப்படியே நின்றுவிட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பித் தருவது என் வேலை. "அக்கா, இந்த கம்பெனி எப்டிக்கா?" என்று கேட்பார்கள். திரையில் இருப்பதை வரி விடாமல் படித்துக் காட்டுவேன். என் வாயால் நல்லது என்றும் சொல்வதில்லை, கெட்டது என்றும் சொல்வதில்லை. இந்த அக்காவுக்குத் தலைக்கனம் என்று சொல்கிறார்களாம். சொல்லட்டும்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஆடிக் கிருத்திகைக்குத் தங்கை வந்திருந்தாள். காவடிக் கூட்டம் குறைந்த பிறகு அவளை பஸ் ஏற்றப் போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். தறிச் சத்தத்தில் அவளுக்குக் காது மந்தமாகியிருந்தது. எதையும் உரக்கச் சொன்னால்தான் கேட்கும். அவளும் உரக்கத்தான் பேசுவாள், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும். விரல் நுனியெல்லாம் நூல் அறுத்த தழும்பு. அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தாங்கவில்லை.

"அந்தக் கம்பெனில ஒரு குத்தமும் இல்லடி" என்றேன்.

"இன்னாது?"

மூன்று வருஷம் தொண்டையில் வைத்திருந்ததை ஒரு தடவை சொல்வதற்கே உயிர் போயிருந்தது. இன்னொரு தடவை, இதைவிட உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த செல்போன் கம்பெனி! நல்ல கம்பெனிதான்! எனக்குப் பொறாமை, அதான் அப்டி சொன்னேன்!"

கொய்யாப்பழக் கூடையோடு நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தாள். மொட்டை அடித்த ஒரு குடும்பமும் பார்த்தது. தங்கை என் பக்கம் திரும்பவில்லை.

"தெரியும்க்கா. பின்தெருவுது போய்கினுதான இருந்துது. கெட்ட கம்பெனின்னா போவுமா?"

"தெரிஞ்சும் ஏண்டி ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நைனா உன்கிட்ட பேசமாட்டாரு. அப்பறம் நீ எங்க போவ? நான் எப்டியும் ஒரு வீட்டுக்கு போறவ."

திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அதற்குத் தயாராக வந்திருந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே, "வேலைக்கு கோட்டு குடுப்பாங்களாமே, நெஜமா?" என்று கேட்டாள்.

"ஆமா. நீலக் கோட்டு. தலைக்கு வெள்ளத் தொப்பி."

"நின்னுகினே செய்யணுமா?"

"இல்ல. எல்லாருக்கும் நாற்காலி. உக்காந்துதான் செய்வாங்க."

அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி, கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆர்.கே.பேட்டை பஸ் வந்து நின்றது, ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். நான் அவள் பையை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அடுத்த வண்டியில போறேன். அதுல இன்னும் இன்னான்னா போட்டிருந்துது, சொல்லு."